சூடு இல்லை, கட்டி

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டு மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டும் நாயோ, நாமக்கல் தெருநாயோ, குறியிலிருந்து ரத்தம் சொட்டினால் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: “சூடு பிடிச்சிருக்கு, மோர் ஊத்து.” பெட்டை என்றால் அதுவும் கிடையாது, “பருவத்துக்கு வந்திருக்கு” என்று விட்டுவிடுவோம்.

பருவ ரத்தம் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். மாதக்கணக்கில் சொட்டினாலோ, ஆண் நாய்க்குச் சொட்டினாலோ, தோலை விலக்கிப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி சிவந்த சதை, தொட்டாலே ரத்தம் கசியும். இணை சேரும்போது தொற்றும் புற்றுக்கட்டி அது. தொற்றுவது கிருமி இல்லை என்பதுதான் விசித்திரம். புற்றணுவே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் குடியேறுகிறது. ஆசியாவில் என்றோ செத்துப்போன ஒரே நாயின் அணுக்கள்தாம் இன்றும் உலகமெங்கும் நாய்க்கு நாய் தாவுகின்றன. 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்த நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்கிறது. முகர்ந்தாலும் நக்கினாலும் கட்டி மூக்கிலும் வரும். மனிதருக்கு ஒட்டாது.

பெரும்பாலும் கத்தி வேண்டாம். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நான்கு முதல் ஆறு வாரம். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் மருந்து. (இலையை அரைத்துப் புகட்டக் கிளம்பிவிடாதீர்கள், நஞ்சு.) மலையிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் வாராவாரம் நாயோடு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். ரத்தம் நின்றதும் பாதியில் விட்டுவிடத் தோன்றும். விட்டால் கட்டி திரும்ப வரலாம்.

அடுத்த நம்பிக்கை: “ஒத்தை விதை நாய் வீரியமானது, அதோட இணை சேர்த்தா நல்ல குட்டி.” இன்னொரு விதை எங்கும் போய்விடவில்லை. வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டது. உடம்புச் சூட்டிலேயே கிடக்கும் அந்த விதையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சில கட்டிகள் பெண்மைச் சுரப்பைக் கக்கும்: ஆண் நாய்க்கு முலைக்காம்பு வீங்கும், விலாவில் மயிர் கொட்டும், மற்ற ஆண் நாய்கள் அதன் பின்னால் சுற்றும். பெட்டையாகிவிட்டது, சாபம் என்பார்கள். பாவம், வயிற்றுக்குள் கட்டியைச் சுமக்கிறது.

விதை இறங்காத குறை பரம்பரையில் வருவது. பார்வைக்குக் குறையில்லாத தாயும் அதைக் கடத்துவாள். சிறிய ஷ்னாசர் இனத்தில் கருப்பையோடு பிறக்கும் ஆண் நாய்களே உண்டு. அதற்கு இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது, சிலவற்றில் விதை இறங்காததே ஒரே துப்பு.

குட்டிக்கு இரண்டு மாதமானதும் விதைப்பையைத் தடவிப் பாருங்கள். ஆறு மாதமாகியும் இரண்டில் ஒன்று இறங்கவில்லை என்றாலும், அது இனி பெரும்பாலும் இறங்காது. அறுவை செய்தால் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு வந்தால், கட்டியாகக்கூடியது உள்ளேயே இருக்கும்.