விளைபொருளைப் படம் பிடிக்கும் முறை: மஞ்சளைக்கொண்டு ஒரு பாடம்

மஞ்சள் வாங்க வரும் வியாபாரி, குவியலைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு விரலியைக் கையிலெடுத்து முறித்து, முறியும்போது எழும் ஓசையைக் கேட்டு, உள்நிறத்தையும் நோக்கிய பிறகே விலை கூறுகிறார். சரக்கும் வாங்குவோரும் ஓரிடத்தில் இருக்கும்வரை இம்முறை போதுமானது. இக்காலத்திலோ ஈரோட்டுப் பக்கத்து விவசாயியின் மஞ்சளைத் தொலைதூர நகரத்திலிருப்பவர் கைப்பேசியில் பார்த்தே வாங்குகிறார். அவர் பார்வைக்குக் கிடைப்பது படம் ஒன்றே. ஆகையால், முன்பு ஒரு கைப்பிடி மாதிரிச் சரக்கு செய்துவந்த வேலையை இப்போது படம் செய்யவேண்டியிருக்கிறது.

படம் மங்கலாயிருப்பின் நல்ல சரக்கும் விலை குறைந்துபோகும். சரக்கைவிடப் படம் சிறப்பாயிருப்பின் விளையும் தீமை அதனினும் பெரிது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணைய அங்காடியில் காட்டும் படமும் விவரமும் சரக்கின் தோற்றத்துக்கும் தரத்துக்கும் ஒத்திருத்தல் வேண்டும். விளம்பரம் செய்த தன்மை சரக்கில் இல்லையெனில் அதைத் திரும்பப் பெற மறுக்கலாகாது. அவ்வாறு திரும்பி வரும் மூட்டைக்கு இருவழி வண்டிச்சத்தமும் நஷ்டமாகும், வாடிக்கையும் போய்விடும். எனவே படம் சரக்கின் உண்மையான மாதிரியாக இருக்கவேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம். இதற்கு விலையுயர்ந்த காமிரா வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள சாமான்களும் சிறிது பயிற்சியுமே போதும்.

வேண்டிய சாமான்கள்

காமிராவுள்ள சாதாரணக் கைப்பேசி ஒன்று, பளபளப்பில்லாத வெள்ளைக் கெட்டிக் காகிதம் இரண்டு, வெளுத்த பருத்தி வேட்டி ஒன்று, வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்று, ஓர் அளவுகோல், கைப்பேசியைச் சாய்த்து வைக்க இரண்டு செங்கல். இவற்றுக்கு மேல் எதுவும் வாங்கவேண்டியதில்லை.

வெளிச்சம்

மஞ்சள் காயும் களத்தில் நடுப்பகல் வெயிலில் படம் பிடிப்பதே பலருடைய வழக்கம். நேர் வெயிலில் விரலியின் மேற்பக்கம் வெளுத்தும், கீழ்ப்பக்கம் இருண்டும் தோன்றும். கணுக்களும் தோலின் தன்மையும் தெரியா. இரவில் மின்விளக்கின் கீழ் எடுப்பதும் தகாது. அவ்விளக்குகளிற் பல மஞ்சள் சாயலுள்ளவை. பகலொளியும் விளக்கொளியும் கலந்தாலோ ஒரே குவியலில் இரண்டு நிறம் காணும்.

வெயில் நேரே விழாத ஜன்னலின் ஒளியே மிகச் சிறந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல் பெரும்பாலான மாதங்களில் இதற்கு ஏற்றது. ஆயினும் நமது பகுதியில் சித்திரை முதல் ஆடி முடிய நண்பகற் சூரியன் வடபுறமாகச் சாய்வதால், அம்மாதங்களில் அந்த ஜன்னலிலும் வெயில் விழக்கூடும். அப்போது ஜன்னலின் குறுக்கே வேட்டியை ஒற்றையாகக் கட்டினால் வெயில் மிருதுவாகிப் பரவும். ஜன்னலிலிருந்து இரண்டு முழ தூரத்தில் பலகையோ மேசையோ போட்டு, ஒளி பக்கவாட்டிலிருந்து சரக்கின்மேல் விழும்படி வைக்கவேண்டும். எதிர்ப்புறத்தில் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், அது ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலைக் குறைக்கும். அறையின் விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

சுவரின் வர்ணத்தையும் கவனித்தல் அவசியம். பச்சையோ நீலமோ பூசிய சுவரருகிலும், நீலத் தார்ப்பாயின் கீழும் எடுத்த படத்தில் அச்சாயல் மஞ்சளின்மேல் படியும். அத்தகைய இடத்தில் சுவரை வெள்ளைத் துணியால் மறைத்துக்கொள்ளலாம்.

ஒரு பரீட்சை

மேற்கூறியதை ஒருவர் சொல்ல ஏற்பதைவிடத் தாமே செய்து பார்ப்பது நலம். ஒரே விரலியை ஒரே காகிதத்தின்மேல் வைத்து, வெயிலில் ஒன்றும், விளக்கடியில் ஒன்றும், ஜன்னலோரம் ஒன்றுமாக மூன்று படங்கள் எடுத்து, பின்பு ஜன்னலருகே விரலியை வைத்துக்கொண்டு மூன்றையும் ஒப்பிடுக. எந்தப் படம் கையிலுள்ள பொருளுக்கு ஒத்திருக்கிறதென்பது வீட்டிலுள்ள சிறுவர்க்குங்கூட விளங்கும்.

எடுக்கும் முறை

1. கைப்பேசியின் கண்ணாடிவில்லையைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்கவேண்டும். களத்தில் வேலை செய்த கையின் எண்ணெய்ப்பசையும் மஞ்சள் தூளும் படிந்திருந்தால் படம் புகை மூடியதுபோலிருக்கும்.

2. ஒரு காகிதத்தைப் பலகையில் விரித்து, அதன் பின்னோரத்தை மடிப்பு விழாமல் வளைத்துச் சுவரில் சாய்க்கவேண்டும். இதனால் பின்புறத்தில் கோடு தெரியாது.

3. சரக்குக்கு மிக அருகில் சென்றால் முன்னிருப்பது பருத்தும் பின்னிருப்பது சிறுத்தும் தோன்றும்; கைப்பேசியின் நிழலும் விழும். ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்திலிருந்து எடுத்து, வேண்டாத ஓரங்களைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் நுணுக்கம் கெடும்.

4. கைப்பேசியைச் செங்கல்லின்மேல் சாய்த்து, மூன்று விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி அமைத்தால் கை நடுக்கம் படத்தில் சேராது.

5. வெள்ளைக் காகிதம் நிறைந்த காட்சியைக் காமிரா தானாகவே சற்று இருட்டாக்கும்; காகிதம் சாம்பல் நிறமாகத் தோன்றும். திரையில் மஞ்சளின்மேல் தொட்டால் பெரும்பாலான கைப்பேசிகளில் சூரிய அடையாளம் ஒன்று தோன்றும். அதைக் காகிதம் வெண்மையாகும்வரை மேலே நகர்த்தவேண்டும். விரலியின் வரிகள் மறையும் அளவுக்கு நகர்த்தலாகாது.

எடுக்கவேண்டிய படங்கள்

தொலைவிலிருப்பவர் சரக்கைக் கையால் தொட இயலாதாகையால், தொட்டு அறியத்தக்கவற்றைப் படங்கள் காட்டவேண்டும். முதற்படத்தில் குவியலை, நல்லதை மேலே பொறுக்கி வைக்காமல், மூட்டையிலிருந்து கலந்தெடுத்தபடியே காட்டுக. இரண்டாவதில் நான்கைந்து விரலிகளை அளவுகோலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கவேண்டும். மூன்றாவதே மிக முக்கியமானது: ஒரு விரலியை முறித்து, உள்நிறம் தெரியும்படி அருகிலிருந்து எடுக்கவேண்டும். விரலியும் கிழங்கும் கலந்த சரக்காயின், அக்கலப்பை நான்காவது படத்தில் மறையாமல் காட்டவேண்டும். பொட்டலமாக விற்போர் மேலொட்டுச் சீட்டையும் எழுத்துத் தெளிவாக எடுத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்கீழ், சரக்கின் பெயர், நிகர எடை, விலை, பொட்டலமிட்டவர் பெயர், முகவரி ஆகியவை இணைய விற்பனையிலும் காட்டப்படவேண்டியவை.

திருத்தமும் அதன் எல்லையும்

ஓரத்தை வெட்டுதல், சாய்வை நேராக்குதல், காகிதம் வெண்மையாகும்படி நிறத்தைச் சரிசெய்தல் ஆகியவை தகும். காகிதமே இதற்கு அளவுகோல். படத்தில் காகிதம் மஞ்சளித்தோ நீலித்தோ தோன்றுமாயின் சரக்கின் நிறமும் பொய்யென்று கொள்க. ஒப்பிடும்போது, கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை நிறுத்தி வைக்கவேண்டும்.

நிறத்தை மிகுவித்தல் மட்டும் ஒருபோதும் கூடாது. சில கைப்பேசிகள் இதைக் கேளாமலே செய்துவிடும், அவ்வமைப்பையும் நிறுத்துக. மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறமூட்ட ஈயக் குரோமேட் என்னும் நச்சுப்பொருளைப் பூசும் மோசடி வியாபாரிகள் அறிந்ததே. இயற்கைக்கு மிஞ்சிய நிறத்தோடு படம் அனுப்பினால், கலப்படமற்ற சரக்கின்மேலும் அச்சந்தேகம் விழும். சரியான படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நுணுக்கம் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளபடியே சேரும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

ஊராட்சிக் கட்டிடத்தில் ஏற்ற ஜன்னலோரம் ஒன்றைத் தேர்ந்து, மேற்கூறிய சாமான்களை அங்கே வைத்தால், உழவர் உற்பத்தியாளர் குழுவினரும் சுயஉதவிக் குழுப் பெண்களும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். எந்த மூட்டைக்கு எந்தப் படம் என்பது மாறாதிருக்க, மூட்டையின் எண்ணும் தேதியும் எழுதிய சிறு சீட்டைச் சரக்கோடு வைத்து ஒரு படம் எடுத்து, கணக்குப் புத்தகத்திலும் குறித்தல் நலம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அதன் முத்திரையைப் படத்திலும் பொட்டலத்திலும் காட்ட, அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொண்டிருத்தல் வேண்டும் என்பதை விவசாயிகளுக்கு முன்னரே தெரிவிக்கவேண்டும்.

இங்கே கூறியவை வெல்லம், சிறுதானியம், பருப்பு வகைகளுக்கும் பொருந்தும். வெல்லமாயின் உடைத்த பக்கத்தையும், தானியமாயின் உள்ளங்கையில் பரப்பிய மணிகளையும் காட்டுக. அடுத்த அறுவடைச் சரக்கு கூடத்துக்கு வருமுன் பத்து நாட்கள் பழகிக்கொண்டால், விற்பனைக் காலத்தில் படத்துக்காகத் தடுமாறவேண்டியிராது.