வெள்ளத்தில் நின்ற மோட்டார் வண்டி

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. வாசலில் நின்ற கார்களும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதைதான். நீர் வடிந்ததும் வண்டிக்காரர் முதலில் செய்வது சாவியைத் திருகிப் பார்ப்பது. அதுவே செய்யத் தகாத காரியம். ஏன் என்பதைப் பௌதிகப் பாடத்தைக் கொண்டே காண்போம்.

வாயுவை அழுத்திச் சுருக்கலாம். நீரைச் சுருக்க இயலாது எனப் படித்திருக்கிறோம். பெட்ரோல் எஞ்சினில் மேலேறும் பிஸ்டன், சிலிண்டரிலுள்ள காற்றை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. டீசல் எஞ்சினில் இன்னும் அதிகம். காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்து அங்கே தேங்கியிருந்தால் பிஸ்டன் ஏற இடமேது? அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது நொடியில் நேரும். நின்ற வண்டியில் செல்ப் அடித்தாலும் நேரலாம். வாடகை வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு எஞ்சின் போவது பல மாத வருமானம் போவதாகும்.

ஆகவே, முதலில் கதவில் படிந்த சேற்றுக்கோட்டைப் பார்க்க வேண்டும். வெள்ளம் வடிந்தாலும் அது பொய் சொல்லாது! நீர் உள்ளே புகுந்திருந்தால் பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பிறகு எஞ்சின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கலாம். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்திலோ, அளவுக்கு மீறியோ இருந்தால் நீர் கலந்துவிட்டது. ஏர் பில்டர் காகிதம் நனைந்திருப்பதும் கெட்ட அடையாளமே.

இனி மெக்கானிக்கின் வேலை. அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் பியூஸையும் எடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்பானரால் கையாலேயே சுற்றுவார். தடையின்றிச் சுற்றினால்தான் செல்ப். பிளக் துவாரங்கள் வழியே நீர் பீறிட்டு வெளியேறும். பின் ஆயிலையும் அதன் பில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஆயிலை மாற்றுவார்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பெட்ரோலைவிட நீர் கனமானது. டாங்கின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! டாங்கைக் காலி செய்ய வேண்டும். சத்தமே வரவில்லையென்றால் பாட்டரி, பியூஸ், ஒயர் முனைகளில் பூத்த பச்சைக் களிம்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அம்பாசடர் காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்தே பல வண்டிகளைக் கிளப்பினார்கள். இக்காலத்து எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கம்ப்யூட்டர்; அது நனைந்தால் துணி போதாது.

மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றை நாம் தொடவே கூடாது.

வண்டியைக் கட்டியிழுக்கும் முன் சேற்றுக்கோடு தெரியப் புகைப்படம் எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பது நல்லது. நீரில் நின்ற வண்டியைக் கிளப்ப முயன்றதால் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. அதற்கெனத் தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும்.

வேளச்சேரிவாசிகள் கண்ட வழி இதைவிட எளிது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, மழைக்கு முன்பாகத் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.