ஆய்வுக்கூடமா, கம்ப்யூட்டரா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பு முடிந்ததும், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். “சார், எனக்கு உயிரியல் ஆராய்ச்சி செய்ய ஆசை. அப்பாவோ, இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், ஆய்வுக்கூடத்தில் போய் ஏன் காலத்தை வீணாக்குகிறாய் என்கிறார்” என்றாள். கல்லூரியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவளுக்குச் சொன்ன கதையை மற்றப் பெற்றோர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடுகிறது. அந்தத் துடிப்பு எப்படி உண்டாகிறது? இங்கிலாந்தில் ஆலன் ஹாட்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். நம்முடைய நரம்பிழை தலைமுடியைவிட மெல்லியது. கணவாய் மீனின் பெரிய நரம்பிழையோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் மெல்லிய கம்பியையே செலுத்தலாம். 1949ல் பிளைமவுத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில், அந்த இழையில் சோடியமும் பொட்டாசியமும் எப்போது, எவ்வளவு பாய்கின்றன என்று அளந்தார்கள்.

அளந்ததைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அவை சரியென்றால் துடிப்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும்? கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது மாற்றியமைப்புக்காக ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. எனவே ஹக்ஸ்லி, கைப்பிடியைச் சுற்றும் கணக்குப் பொறியிலேயே போட்டுப் பார்த்தார். ஓடும் துடிப்பின் கணக்குக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் பிடித்தது. விடை, விநாடிக்கு 18.8 மீட்டர். நரம்பில் நேராக அளந்தபோது கிடைத்ததோ 21.2 மீட்டர்! வேகத்தை யாரும் சமன்பாட்டில் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. அது கணக்கிலிருந்து தானாக வந்தது. அதுதான் வியப்பு. 1952ல் வெளியான இந்த ஆய்வுக்காக 1963ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சோடியமும் பொட்டாசியமும் நுழையும் வாசல் எப்படிப்பட்டது என்பதைக் கணக்கு காட்டவில்லை. 1976ல் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவரும் தவளைத் தசையின் மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயை வைத்து, அத்தகைய ஒற்றை வாசல் திறந்து மூடுவதை அளந்தார்கள். அதற்கும் ஆய்வுக்கூடம்தான் வேண்டியிருந்தது.

ஹக்ஸ்லியின் மூன்று வார வேலையை இன்று வீட்டுக் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஆனால் கணவாயிடம் அளந்த எண்கள் இல்லாவிட்டால் அதற்குக் கொடுக்க என்ன இருக்கிறது? ‘இப்படி இருக்கலாம்’ என்று கணக்கு சொல்லும். எதைச் சோதிக்கலாம் என்று வழியும் காட்டும். ‘இப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்லவேண்டியது சோதனை.

“கணக்கையும் விடாதே, ஆய்வுக்கூடத்தையும் விடாதே அம்மா. ஹக்ஸ்லி இரண்டையும் ஒரே கையால் செய்தவர்” என்றேன். அடுத்த ஞாயிறு அப்பாவையும் அழைத்து வருவதாகச் சொல்லிப் போனாள். காத்திருக்கிறேன்.