மலிவு விலை மடக்குக்கத்தி: கடையில் வாங்கி வைக்கலாமா?

மளிகைக் கடை என்றால் பருப்பும் புளியும் மட்டும் என்றிருந்த காலம் எப்போதோ போய்விட்டது. ஊசி, நூல், பூட்டு, டார்ச் லைட், பேட்டரி செல் என்று பல சில்லறைச் சாமான்களும் இன்று நம் கடைகளில் விற்பனையாகின்றன. அந்த வரிசையில் அட்டையில் குத்தித் தொங்கவிடப்படும் மடக்குக்கத்தியும் ஒன்று. பேனாக்கத்தி என்றும் சொல்வார்கள். இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்த சிறு கத்திக்கு ஏற்பட்ட பெயர் அது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சமயநல்லூர் வட்டாரத்தில் இதை வாங்கக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். திண்டுக்கல் சாலையில் போகும் லாரி ஓட்டுநர்கள், சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள், வாழை விவசாயிகள், பூ வியாபாரிகள், எலெக்ட்ரீஷியன்கள் என்று எல்லோருக்கும் சட்டைப் பையில் ஒரு கத்தி தேவைப்படுகிறது. மாசி வீதிகளுக்குக் கொள்முதலுக்குப் போகும் நமக்கும், "டஜன் எடுத்துக்குங்க அண்ணாச்சி, விலை சல்லிசு" என்று நீட்டப்படும் அட்டையைக் கண்டால் கை போகத்தான் செய்கிறது.

இந்தச் சரக்கை வாங்கலாமா, கூடாதா? மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கவும் கூடாது. விலை எந்த இடத்தில் குறைக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் முடிவு தானாகக் கிடைத்துவிடும். இம்மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

விலை எப்படிக் குறைகிறது?

ஒரு மடக்குக்கத்தியின் விலை இரண்டு வழிகளில் குறையும். முதலாவது, வேலைப்பாடு எளிமையாக இருப்பது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பாகத்தில் மட்டமான பொருளைப் போடுவது.

முதல் வழிக்கு உலகறிந்த இரண்டு உதாரணங்கள் உண்டு. ஜப்பானில் மிகி நகரத்தில் 1890களிலிருந்து செய்யப்படும் ஹிகோனோகாமி கத்தியில் ஓர் அலகு, மடித்த தகட்டால் ஆன ஒரு பிடி, ஒரு ரிவெட் ஆணி ஆகியவை மட்டுமே உண்டு. ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. பிரான்சு நாட்டின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ல் செய்யத் தொடங்கிய கத்திக்கு மரப்பிடி. 1955ல் அதில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அதைத் திருப்பினால் அலகு மடங்காது. உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் விற்ற இந்தக் கத்திகள் நூறாண்டுக்கும் மேலாகச் சந்தையில் நிற்கின்றன. எளிமையால் வந்த மலிவு வாடிக்கையாளரை ஏமாற்றுவதில்லை.

இரண்டாவது வழியை நம் ஊர் அட்டைகளிலேயே பார்க்கலாம். பளபளப்பு, வானவில் வண்ணம், டமாஸ்கஸ் வாள் போல நெளிநெளியான கோடுகள், கூடவே திருப்புளி, பாட்டில் ஓப்பனர், சிறு டார்ச் எல்லாம் இருக்கும். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்த உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் உருக்கு செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மலிவுக் கத்தியில் தெரியும் கோடு மேல்பூச்சு வேலைதான். இவ்வளவு ஜோடனையையும் குறைந்த விலையில் தர வேண்டுமானால், அலகின் இரும்பிலோ மூட்டின் ஆணியிலோ கை வைத்தே ஆக வேண்டும். ஜோடனை கூடக்கூட, விலை குறையக்குறைய, நம் சந்தேகமும் கூட வேண்டும்.

அலகைச் சோதிக்கும் முறை

"ஸ்டெயின்லெஸ்" என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் சுமார் 13 சதவீதம் இருந்தது. குரோமியம் துருவைத் தடுக்கும். கூர்மை நிற்பதற்கு வேண்டிய கடினம் கார்பனாலும், சூடேற்றிக் குளிரவைக்கும் பக்குவத்தாலும் வருகிறது. தட்டு, டம்ளர் செய்யும் எவர்சில்வர் தகட்டை எவ்வளவு காய்ச்சினாலும் அந்தக் கடினம் ஏறாது. அதில் செய்த கத்தி துருப்பிடிக்காது, வெட்டவும் வெட்டாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். பாத்திரத்துக்கு வழக்கமாகப் பயன்படும் எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, அல்லது மிக லேசாக ஒட்டும். பக்குவப்படுத்திய கத்தி எஃகில் நன்றாக ஒட்டும். காந்தம் ஒட்டாத மலிவு அலகை உடனே ஒதுக்கிவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம், சாதாரண இரும்பிலும் காந்தம் ஒட்டும்.

அடுத்த சோதனைக்கு நம் கடைச் சாமானே போதும். சாக்கு கட்டும் சணல் கயிற்றை இருபது முறை அறுங்கள். பிறகு ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். தாள் வெட்டுப்பட்டால் அலகு தேறும். கிழிந்து இழுபட்டால் கூர்மை நிற்காத சரக்கு. மொத்தமாக எடுக்கும் முன் ஒரே ஒரு கத்தியை மாதிரிக்கு வாங்கி, ஒரு வாரம் கடையில் மூட்டை பிரிக்கப் பயன்படுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

சற்று மென்மையான அலகு என்றாலே கழித்துவிட வேண்டியதில்லை. அது சீக்கிரம் மழுங்கினாலும் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர்மையாகிவிடும். அப்படிப்பட்ட கத்தியோடு ஒரு சிறு சாணைக்கல்லையும் சேர்த்து விற்கலாம். கார்பன் எஃகு அலகானால், புளியோ எலுமிச்சையோ பட்டால் கறுக்கும், துடைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லி விற்ற சரக்கு திரும்பி வருவதில்லை.

மூட்டும் பூட்டும்

சாதாரணக் கத்திக்கும் மடக்குக்கத்திக்கும் வித்தியாசம் மூட்டுதான். விரலில் காயம் படுவதும் அங்கேதான்.

அலகை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் நுனியை இடமும் வலமும் லேசாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ரிவெட் ஆணி தளர்வு. புதிதில் ஆடுவது நாளடைவில் இன்னும் ஆடும். பிறகு மடக்கிப் பாருங்கள். அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர்மை பிடியிலேயே கெட்டுவிடும். மடக்கிய நிலையில் அலகின் நுனி வெளியே தெரிந்தால் அது சட்டைப் பைக்கு ஆகாது.

பூட்டு உள்ள கத்தி என்று சொல்லித் தந்தால் அந்தப் பூட்டையும் சோதியுங்கள். விரல்கள் அலகு மடங்கும் பள்ளத்தின் பக்கம் வராதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகின் மழுங்கிய முதுகை ஒரு மரப்பலகை மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அந்த ரகமே வேண்டாம். பூட்டே இல்லாத கத்தியை விட, பூட்டு இருப்பதாகக் காட்டி நழுவும் கத்தி ஆபத்தானது. முன்னதை வாங்கியவர் ஜாக்கிரதையாக இருப்பார், பின்னதை வாங்கியவர் பூட்டை நம்பி விரலை வைப்பார்.

பூட்டில்லாத கத்தியை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இழுத்து அறுக்கலாம், குத்தக் கூடாது." குத்தினால் அலகு விரல் மேல் மடங்கும்.

இன்னொன்று. வாங்குபவர் வீட்டில் காய் நறுக்கத்தான் கேட்கிறார் என்றால், அதே விலையில் மடங்காத சிறு சமையல் கத்தியைக் கொடுங்கள். அதில் மூட்டும் இல்லை, மூட்டால் வரும் வம்பும் இல்லை.

லாபக் கணக்கு

ஒரு கணக்குக்காக இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். முதல் ரகம் கொள்முதல் 40 ரூபாய், விற்பனை 70 ரூபாய். ஒரு டஜனுக்கு முதல் 480, மொத்த லாபம் 360 ரூபாய். இரண்டாம் ரகம் கொள்முதல் 75, விற்பனை 100. ஒரு டஜனுக்கு முதல் 900, லாபம் 300 ரூபாய். பார்த்தவுடன் முதல் ரகம்தான் மேல் என்று தோன்றும்.

முதல் ரகத்தில் ஒரே ஒரு கத்தி திரும்பி வந்து, 70 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் லாபம் 290 ஆகிவிடும். மூன்று திரும்பினால் 150தான். பில் இல்லாமல் வாங்கிய சரக்கை மொத்தக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். "என்ன அண்ணாச்சி, நீங்க குடுத்த கத்தி கையைப் பதம் பார்த்துருச்சே" என்று மாதம் இரண்டாயிரத்துக்கு மளிகை வாங்கும் வாடிக்கையாளர் முகம் சுளித்தால், அந்த நஷ்டம் இந்தக் கணக்கில் அடங்காது. 30 ரூபாய் லாபத்துக்காகப் பருப்பு வியாபாரத்தை இழப்பது வியாபாரம் ஆகாது.

இரண்டாம் ரகத்தில் முதல் அதிகமாக முடங்கும் என்பதும் உண்மைதான். அதற்கு வழி, டஜனுக்குப் பதிலாக அரை டஜன் எடுப்பது. 450 ரூபாயில் சோதித்துவிட்டு, ஓடினால் மேற்கொண்டு எடுக்கலாம்.

வரியையும் மறக்கக் கூடாது. கத்திகளுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அவர்கள் வரியையும் சேர்த்தே அடக்க விலையைப் போட வேண்டும்.

பில்லும் சட்டமும்

"துண்டுச் சீட்டுதான், பில் கிடையாது, அதனால்தான் இந்த விலை" என்று சொல்லப்படும் சரக்கில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் 86ஆம் பிரிவைக் கவனியுங்கள். குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு, அதைத் தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால், விற்றவரே பொறுப்பாக்கப்படலாம். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விடுவதும் அதே பிரிவில் வருகிறது. பெயரில்லாத கத்தியை விற்கும்போது, முகம் தெரியாத தயாரிப்பாளரின் குற்றத்துக்கு நாம் ஜாமீன் நிற்கிறோம் என்று பொருள்.

எனவே பில்லுடன் வாங்குங்கள். பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, வரி உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய முகவரி, அயல்நாட்டுச் சரக்கானால் எந்த நாடு என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். எடையளவுச் சட்டப்படி இவை கட்டாயம்.

இனி ஆயுதச் சட்டம். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்படாமல், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. சட்டைப் பைக் கத்தி அந்த அளவை எட்டாது. ஆனால் பட்டனைத் தட்டினால் பாய்ந்து விரியும் ஸ்பிரிங் கத்தி வேறு ரகம். டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள பட்டன் கத்திகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இந்தி சினிமாவால் பேர் பெற்ற உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியின் தொழிலும், 1990களில் அம்மாநில அரசு விதித்த கட்டுப்பாட்டுக்குப் பின் நலிந்தது. 2023ல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடி உயரக் கத்திச் சின்னம் வைத்தார்கள். ஆனால் பட்டறைகளில் பழைய வேலை இல்லை. கெட்ட பெயர் ஒட்டிய சரக்கு, செய்பவனையும் விற்பவனையும் சேர்த்தே கீழே இழுக்கும் என்பதற்கு இது பாடம். பட்டன் கத்தி நம் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

யாருக்கு விற்பது?

அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி நமக்கு அருகில்தான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, அரிவாள், கத்தி செய்பவர்களையும் விற்பவர்களையும் அழைத்துப் பேசியது. வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே விற்க வேண்டும், கடையில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

பேனாக்கத்தி அரிவாள் அல்ல. ஆனாலும் அந்த எச்சரிக்கையின் கருத்து நமக்கும் பொருந்தும். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைக்கு எந்த விலைக்கும் கத்தி விற்காதீர்கள். "அப்பாவை வரச் சொல்லு தம்பி" என்று அனுப்பிவிடுங்கள். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அட்டையைத் தொங்கவிடாதீர்கள், கல்லாவுக்குப் பின்னால் வையுங்கள். முகம் தெரியாதவர் ஒரே நேரத்தில் நாலைந்து கேட்டால் எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. எளிமையால் வந்த மலிவை வாங்கலாம். ஜோடனையோடு வரும் மலிவைச் சந்தேகிக்க வேண்டும்.
2. காந்தம், சணல் கயிறு, நுனியை ஆட்டிப் பார்த்தல் ஆகிய மூன்று சோதனைகளையும் கொள்முதலுக்கு முன்பே செய்ய வேண்டும்.
3. நழுவும் பூட்டும், பட்டனில் பாயும் அலகும் கடைக்குள் வரக் கூடாது.
4. முதல் கொள்முதல் அரை டஜனுக்கு மேல் வேண்டாம்.
5. பில்லும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத கத்தியை இனாமாகத் தந்தாலும் விற்பனைக்கு வைக்கக் கூடாது.
6. சிறுவர்களுக்கு விற்பதில்லை என்பதைக் கடையின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆறையும் கடைப்பிடித்தால், மலிவு விலை மடக்குக்கத்தி நம் கடையில் கௌரவமாக விற்கத்தக்க சிறு சரக்குதான். கடைப்பிடிக்க நேரமில்லை என்பவர்கள், கொக்கியில் அந்த அட்டைக்குப் பதிலாக மடங்காத சமையல் கத்தியைத் தொங்கவிடுவதே லாபம்.