குடித்து அடித்த அப்பாவுக்குப் பராமரிப்புத் தொகை கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஆவடியில் வசிக்கிறேன். வயது 34. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவையும் என்னையும் தங்கையையும் அடிப்பார். பத்து வருடங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டேன். தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது, அவளும் வேலைக்குப் போகிறாள். அப்பா பூந்தமல்லியில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். வயது 63. இப்போது மாதம் 10,000 ரூபாய் கேட்டு என்மேல் மட்டும் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்திருக்கிறார், நோட்டீஸ் வந்துவிட்டது. வளர்க்காத அப்பாவுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? பேப்பரில் விளம்பரம் கொடுத்து உறவை முறித்துக்கொள்ள முடியாதா? சொந்தக்காரர்கள் 'என்ன இருந்தாலும் பெத்த அப்பா' என்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விளம்பரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'இன்று முதல் எனக்கும் என் தந்தைக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை' என்று வக்கீல் பெயரோடு கட்டம் கட்டி வரும் அறிவிப்பால் பத்திரிகைக்கு வருமானம் உண்டு, உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ரத்த உறவை அறிவிப்பால் முறிக்க நம் சட்டத்தில் இடமே கிடையாது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாலும் பராமரிப்புக் கடமை போகாது. அப்பாவின் மனு சட்டப்படி செல்லும். ஆனால் அவர் கேட்ட தொகையும், கேட்ட விதமும் அப்படியே செல்ல வேண்டியதில்லை.

நீங்களும் சொந்தக்காரர்களும் எதிரெதிராகப் பேசினாலும் இரு தரப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: பராமரிப்பை நன்றிக்கடன் என்று நினைக்கிறீர்கள். அவர்கள் பெற்றதற்குக் கடன் என்கிறார்கள். நீங்கள் வளர்க்காதவருக்கு என்ன கடன் என்கிறீர்கள். சட்டம் இந்தக் கணக்கையே போடவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-ஐப் பாருங்கள். பிள்ளை இல்லாத முதியவரை உறவினர் பராமரிக்க வேண்டுமானால், அந்த உறவினர் முதியவருடைய சொத்தை வைத்திருக்க வேண்டும், அல்லது அது உறவினருக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. பிள்ளைக்கு அப்படி எந்த நிபந்தனையும் போடவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் இதையே காட்டுகிறது. எந்தெந்த நடத்தையால் மனைவி ஜீவனாம்ச உரிமையை இழப்பார் என்று அது பட்டியலிடுகிறது. தகப்பனுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. மனைவிக்கு விதிவிலக்கு எழுதத் தெரிந்த நாடாளுமன்றத்துக்கு அப்பாவுக்கு எழுதத் தெரியாமல் போய்விடவில்லை. வேண்டாம் என்று விட்டிருக்கிறது என்றே வாசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், 'அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில்' என்ற பழைய தர்மசாஸ்திரக் கோட்பாட்டை 2005-இல் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் ஒழித்தது. அதன் பிறகு அப்பா வாங்கும் கைமாற்றுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் பிடிக்க முடியாது. அவர் விட்டுச்செல்லும் சொத்து உங்கள் கைக்கு வந்தால் அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பு. ஆக, புண்ணியத்தின் பேரில் வந்த கடமையைச் சட்டம் கைவிட்டது. இல்லாமையின் பேரில் வரும் கடமையை வைத்துக்கொண்டது. 'தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாதவர்' என்பதுதான் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல்.

இது அநியாயம் இல்லையா என்றால், ஓரளவுக்கு அநியாயம்தான். சிங்கப்பூரில் 1995-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பிள்ளையைக் கொடுமைப்படுத்திய, கைவிட்ட பெற்றோரின் மனுவைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. கொடுமை செய்ததாகப் பதிவு உள்ள பெற்றோர், மனுப் போடுவதற்கே முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்று 2023-இல் திருத்தமும் நிறைவேறியது. பிள்ளை மைனராக இருந்தபோது பத்தாண்டுகள் கைவிட்டுப்போன பெற்றோருக்குப் பராமரிப்பு கேட்கும் உரிமை இல்லை என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டம் சொல்கிறது. நம்மிடம் அந்தக் கதவு இல்லை. கதவைத் திறந்தால், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் விடும் மகன்கூட 'சின்ன வயதில் அடித்தார்' என்று சொல்லித் தப்புவான் என்று பதில் வாதம் வரும். நாலு சுவருக்குள் இருபது வருடங்களுக்கு முன் நடந்ததை யார் நிரூபிப்பது என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அது நிரூபணத்தில் உள்ள சிக்கல்; அதற்காக விதிவிலக்கே கூடாது என்று ஆகிவிடாது. சிங்கப்பூர் போல எடைபோடும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை, இருக்கும் சட்டத்துக்குள்தான் நீங்கள் பேச வேண்டும்.

அதற்குள் பேசவே நிறைய இருக்கிறது. தேவைதான் அடிப்படை என்றால் தேவைதான் எல்லையும். பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் அடங்கும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப்பிரிவு சொல்கிறது. அவரை வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும், தினமும் முகம் பார்க்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்பது இந்த மிச்சத்தைத்தான். அதைத் தருவதும் தராததும் உங்கள் இஷ்டம், எந்த அதிகாரியும் அதற்கு உத்தரவு போட முடியாது. தொகைக்கு வருவோம். 10,000 ரூபாய் இந்தச் சட்டத்தின் உச்சவரம்பு, அதுவே விகிதம் அல்ல. உங்கள் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் பதில்மனுவோடு இணையுங்கள். அம்மாவும் பெற்றோர்தான்; பத்து வருடங்களாக நீங்கள் அவரைப் பராமரித்து வருவது கணக்கில் வர வேண்டும். அப்பா வேலை பார்த்த இடத்திலிருந்து பி.எஃப்., பென்ஷன் வருகிறதா, வாடகை வரும் இடம் ஏதாவது அவர் பெயரில் இருக்கிறதா, 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குகிறாரா என்று கேளுங்கள். தனக்கே போதுமான வருமானம் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் தங்கையை விட்டுவிட்டு உங்களை மட்டும் இழுத்திருப்பதற்கும் வழி உண்டு. பொறுப்புள்ள மற்றவரையும் வழக்கில் சேர்க்க 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. கல்யாணமான மகளுக்கும், கணவர் வருமானத்தைச் சாராமல் சொந்த வருமானம் இருந்தால், இந்தக் கடமை உண்டு என்று 1987-இல் விஜயா மனோகர் அர்பத் வழக்கில் உச்சநீதிமன்றம் 125-ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பளித்தது. அதே அடியை அவரும் வாங்கியவர் என்பதால், சேர்ப்பதா வேண்டாமா என்று அவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

'கொடுக்கும் பணம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரிகிறது. கொடுக்க மறுக்க இது காரணம் ஆகாது. கொடுக்கும் விதத்தை மாற்றக் காரணம் ஆகும். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பும் வாய்ப்பு சட்டத்தில் இருக்கிறது. அங்கே, அறை வாடகையை வீட்டுக்காரருக்கும் சாப்பாட்டுக் காசை மெஸ்ஸுக்கும் நேரடியாகக் கட்டிவிடுகிறேன், மருந்துக்குப் பில்லைப் பார்த்துத் தருகிறேன் என்று எழுத்தில் முன்வையுங்கள். அவர் அடித்தது பற்றிய பழைய ஆதாரங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான்: போலீஸ் ஸ்டேஷன் சி.எஸ்.ஆர். ரசீது, அரசு மருத்துவமனைச் சீட்டு, அம்மாவின் வாக்குமூலம், பக்கத்து வீட்டுக்காரர் பிரமாணப் பத்திரம். கடமையை அவை அழிக்காது; நீங்கள் ஏன் நேரில் போவதில்லை, ஏன் ரொக்கம் வேண்டாம் என்கிறீர்கள் என்பதற்கு அவைதான் பதில். குடிநோய்ச் சிகிச்சைச் செலவை ஏற்பதாகவும் சொல்லலாம். மது சார்ந்த மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் அவர் சம்மதமின்றிச் சேர்ப்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். ஆகவே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்த் தள்ளிவிடலாம் என்ற யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இவ்வளவையும் நீங்களே பேச வேண்டியிருக்கும். ஆர்.டி.ஓ. நடத்தும் இந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை சொல்கிறது. பதில்மனுவை எழுத மட்டும் வக்கீல் உதவியை நாடலாம். அசட்டையாக இருந்துவிடாதீர்கள். கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்ட வாசகம் பெற்றோர் தரப்புக்குத்தான் தருகிறது; உங்களுக்கு அடுத்த படி உயர்நீதிமன்ற ரிட் மனு. உத்தரவுக்குப் பின் கட்டாமல் விட்டால் ஒரு மாதம் வரை சிறை உண்டு. நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கவும் வழி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அன்று அடித்ததற்கு இன்று வழக்குப் போடலாமா என்றால், சாதாரணக் காயத்துக்கு ஒரு வருடத்தோடு காலவரம்பு முடிந்துவிட்டது. ஆனால் வழக்கைச் சாக்கிட்டு அவர் இப்போது வீட்டு வாசலில் வந்து ரகளை செய்தால் அது புதிய சம்பவம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு, தங்கைக்கும் உண்டு. மகனான உங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பெண் என்பதால் அம்மாவுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவியும் கிடைக்கும். ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; 15100-க்கும் போன் செய்யலாம். அவசரமென்றால் அம்மா 181-ஐ அழைக்கட்டும். நோட்டீஸில் உள்ள தேதிக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.