தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து: பெனிசிலின் வகைத் திரவ மருந்தை வீட்டில் கையாளும் முறை

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில், ஆறு வயது மகளைத் தோளில் சாய்த்தபடி ஓர் இளம் தாய் எங்கள் மருந்தகச் சாளரத்திற்கு வந்தார். தொண்டைத் தொற்றுக்காக மூன்று நாட்களுக்கு முன்பு அமாக்ஸிசிலின் திரவ மருந்து வாங்கிச் சென்றவர் அவர். காய்ச்சல் தணியவில்லை, மருந்தை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். அடியில் வெள்ளைப் பொடி கட்டியாக இறுகிக் கிடந்தது. "எங்க மாமனாருதான் தண்ணி ஊத்தி ரெண்டு தரம் ஆட்டி வெச்சாரு" என்றார். மூன்று நாட்களாகக் குழந்தை குடித்ததில் மருந்தைவிட இனிப்பு நீரே அதிகமாக இருந்திருக்க வேண்டும். மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. அதே மருந்தைப் புதிய புட்டியில் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்.

இதில் பெரியவரைக் குறை கூறுவதற்கில்லை. அன்று சாளரத்தில் கூட்டம் மிகுந்திருந்தது. "கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள். மாத்திரை ஆலையிலேயே முழுமை பெற்று வருகிறது. பொடியாக வரும் திரவ மருந்தோ உங்கள் சமையலறையில்தான் மருந்தாகிறது. அவ்வேலையைச் சரிவரச் செய்வது எப்படி என்பதை இவ்விதழில் விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பொடியாக விற்பதன் காரணம்

இருமல் மருந்தைத் திரவமாகவே விற்கும் நிறுவனங்கள் இதை மட்டும் ஏன் பொடியாக விற்கின்றன என்று பலர் கேட்கின்றனர். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அனைத்திலும் பீட்டா-லாக்டம் எனப்படும் ஒரு சிறிய வேதி வளையம் உள்ளது. கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அவ்வளையமே. ஆனால் தண்ணீர் பட்டதும் அது சிறிது சிறிதாக உடையத் தொடங்குகிறது. வெப்பம் கூடினால் இன்னும் விரைவாக உடைகிறது. உடைந்த வளையம் கிருமியை ஒன்றும் செய்யாது. எனவேதான் உலர்ந்த பொடி ஈராண்டு கெடாமல் இருந்தாலும், கலக்கிய மருந்துக்கு ஆயுள் சில நாட்களே.

புட்டியில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி கலக்காத பொடிக்கு உரியது என்பதை நினைவிற்கொள்க. "இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே" என்று சென்ற மழைக்காலத்தில் கலக்கிய மருந்தை இந்த மழைக்காலத்திலும் கொடுப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றிய உடனேயே அத்தேதியைப் பேனாவால் சீட்டில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான புட்டிகளில் கலக்கிய பின் 7 நாட்கள் என்று குறிப்பிட்டிருக்கும். சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கலாம். உங்கள் புட்டியின் சீட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

கலக்குதல்

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் சில முறை தட்டுங்கள். அடியில் இறுகிய பொடி உதிர்ந்து, புட்டிக்குள் தூளாக ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேற்கூறிய வீட்டில் தவறியது இந்தப் படிதான்.

சில நிறுவனங்கள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே அளவான தூய நீரைச் சிறு குப்பியில் வைத்துத் தருகின்றன. அப்படியிருந்தால் அந்நீர் முழுவதையும் ஊற்றுங்கள். வேறு நீர் வேண்டாம். இல்லையெனில், நன்கு கொதிக்கவைத்து முற்றிலும் ஆறிய தண்ணீர் தேவை. வெதுவெதுப்பான நீரில் எளிதில் கரையும் என்று எண்ணிச் சுடுநீர் ஊற்றுவோர் உண்டு. அந்தச் சூடு முதல் வேளைக்கு முன்பே மருந்தைக் கெடுக்கத் தொடங்கிவிடும். பாலோ பழச்சாறோ ஊற்றிக் கலக்குவதும் கூடாது.

கோடு வரை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். கோட்டிற்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்குங்கள். பொடி கரைந்ததும் மட்டம் இறங்கும். மேலே நுரை நிற்கும். சில நிமிடம் பொறுத்து, நுரை அடங்கிய பின், கோட்டைத் தொடும் வரை மீதி நீரைச் சேர்த்து மீண்டும் குலுக்குங்கள். கோட்டைப் பார்க்கும்போது புட்டி மேசைமேல் இருக்கட்டும். கண் கோட்டிற்கு நேராக இருக்கட்டும்.

இந்தச் சிறு கவனம் எதற்கு என்று தோன்றலாம். 5 மி.லி.யில் 125 மி.கி. என்று எழுதிய 30 மி.லி. புட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் 750 மி.கி. மருந்து உள்ளது. கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை நீர் ஊற்றி, அளவு 40 மி.லி. ஆகிவிட்டால், ஒவ்வொரு 5 மி.லி.யிலும் கிடைப்பது ஏறத்தாழ 94 மி.கி. மட்டுமே. நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டதென்று நிறுத்தினால் மருந்து செறிவாகி, அளவு கூடிவிடும்.

இன்னொன்று. பத்து நாள் மருந்துக்கு நான்கு புட்டிகள் வாங்கிச் செல்லும் குடும்பங்கள் சில, வேலை முடியட்டும் என்று நான்கையும் முதல் நாளே கலக்கிவிடுகின்றன. நாளொன்றுக்கு இருவேளை 5 மி.லி. என்றால் 30 மி.லி. புட்டி மூன்று நாட்கள் வரும். ஆகவே நான்காம் புட்டியைத் தொடும் நாளில் அது கலக்கி ஒன்பது நாட்கள் கழிந்திருக்கும். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததில் நீர் ஊற்றுங்கள்.

வைக்கும் இடம்

கலக்கிய மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். உறையவிடும் பகுதி கூடாது. அடிக்கடி திறக்கும் கதவின் தட்டும் அவ்வளவு ஏற்றதன்று. அமாக்ஸிசிலினுடன் கிளாவுலனேட் சேர்ந்த மருந்துக்கு இது கட்டாயம், ஏனெனில் கிளாவுலனேட் இன்னும் விரைவில் கெடும் பொருள். கலங்கலான வெண்மை மாறிப் பழுப்பேறியிருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் சமையலறை அலமாரியை அறை வெப்பநிலை என்று கொள்ள இயலாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டினர் அதைக் கூறத் தயங்குகின்றனர். தயங்க வேண்டாம், மருத்துவரிடமே சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் சிறிதளவு நீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இதே மருந்தில் கிடைக்கின்றன. அந்த வீடுகளுக்குத் திரவத்தைவிட அவையே ஏற்றவை என்பது எங்கள் கருத்து.

அளத்தல், கொடுத்தல்

ஒவ்வொரு வேளையும் அளப்பதற்கு முன் புட்டியைக் குலுக்குங்கள். மருந்து நீரில் முழுதும் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது. குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் குறைவாகவும் கடைசி நாட்களில் கூடுதலாகவும் போய்ச் சேரும்.

உங்கள் வீட்டுத் தேக்கரண்டிகள் இரண்டில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டுவது அரிது. எனவே கரண்டியை மறந்துவிட்டு, ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். 2.5 மி.லி. போன்ற சிறு அளவுகளுக்கு மூடிக்குவளையும் நம்பத்தக்கதன்று. கைக்குழந்தைக்குப் பாலாடையிலோ சங்கிலோ கொடுக்கும் வழக்கமுள்ளவர்கள், சிரிஞ்சில் அளந்த பிறகு அதில் ஊற்றலாம். ஒட்டியிருப்பதைச் சில துளி நீரால் அலசி அதையும் புகட்டிவிட வேண்டும்.

புட்டியை மாற்றும்போது செறிவைப் பாருங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ளதும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதும் ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வருகின்றன. முதல் புட்டிக்குப் பழகிய அளவை இரண்டாவதற்கும் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகலாம், பாதியாகவும் குறையலாம். வேறு கடையில் வாங்கினால் "எத்தனை மி.லி.?" என்று மறுபடியும் கேளுங்கள்.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறுகச் சிறுக அழுத்துங்கள். படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். ஒரு குவளைப் பாலில் மொத்தமாகக் கலந்துவிடாதீர்கள். குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாராலும் கூற இயலாது. கொடுத்த பின் பால் குடிக்கலாம். தயிர் சாதம் மருந்தை முறிக்குமா என்பது பாட்டிமார் தவறாமல் கேட்கும் கேள்வி. அமாக்ஸிசிலினைத் தயிர் ஒன்றும் செய்யாது. இம்மருந்தை உணவுக்கு முன்போ பின்போ கொடுக்கலாம். கிளாவுலனேட் சேர்ந்ததை உணவின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். பெனிசிலின்-வி மட்டும் வெறும் வயிற்றில், அதாவது உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ தரப்பட வேண்டும்.

கொடுத்து அரைமணிக்குள் குழந்தை வாந்தியெடுத்தால் அதே அளவை மீண்டும் ஒருமுறை கொடுங்கள். அரைமணி கடந்திருந்தால் அடுத்த வேளை வரை காத்திருங்கள். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மறந்த வேளையை நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மூன்று வேளை என்று எழுதியிருந்தால் உறங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. காலை, பள்ளி விட்டு வந்ததும், உறங்குமுன் என்று பகிர்ந்தால் போதும். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும்.

காய்ச்சல் விட்ட பிறகு

1941ஆம் ஆண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், முகத்திலும் கண்ணிலும் தொற்றுப் பரவி உயிருக்குப் போராடிய ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் காவலருக்கு அப்போது அரிதாகக் கிடைத்த பெனிசிலின் செலுத்தப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது, உணவு உண்டார். மருந்து போதாமல், அவருடைய சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்தினர். பின்னர் அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பியது, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார்.

அவருக்கு மருந்து கிடைக்கவில்லை. இன்று புட்டியில் மருந்து இருக்கும்போதே நாம் நிறுத்திவிடுகிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைத் தொற்றில் இரண்டு மூன்று நாட்களில் வலியும் காய்ச்சலும் விட்டுவிடும். ஆயினும் தொண்டையிலிருந்து கிருமி முழுதும் நீங்க வாய்வழிப் பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலின் பத்து நாட்கள் தரப்படுகிறது. எஞ்சிய கிருமி சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சலை உண்டாக்கி, இதய வால்வுகளை நிலையாகச் சேதப்படுத்துகிறது. தொண்டை வலியில் தொடங்கி வால்வு அறுவை வரை சென்ற இளைஞர்களை நம் நாட்டு இதய நோய்ப் பிரிவுகள் இன்றும் காண்கின்றன. எல்லா நோய்க்கும் பத்து நாட்கள் என்று பொருளன்று. சிலவற்றிற்கு ஐந்து நாட்களே போதும். மருத்துவர் எழுதிய நாட்களை அவரைக் கேட்காமல் குறைக்கவும் கூட்டவும் வேண்டாம். எஞ்சியதைத் தம்பியின் சளிக்குக் கொடுப்பதும் வேண்டாம். சாதாரணச் சளி வைரஸால் வருவது, இம்மருந்துக்கு அது அசையாது.

ஒவ்வாமை

பெனிசிலின் ஒவ்வாது என்று எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால், மருந்து எழுதும் முன்பே அதை மருத்துவரிடம் கூறுங்கள். என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிறு இளகியது ஒவ்வாமை ஆகாது. அது இம்மருந்தால் பலருக்கு நேர்வதுதான். உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருந்தைத் தொடரலாம். கடுமையான வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ கண்டால் மட்டும் உடனே வர வேண்டும்.

மருந்து குடித்த பின் உடலெங்கும் அரிப்புடன் தடிப்புகள் எழுந்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சில் இழுப்பு வந்தாலோ, குழந்தை துவண்டாலோ அடுத்த வேளையைக் கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறலும் வீக்கமும் இருப்பின் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். சில நாட்கள் கழித்து அரிப்பின்றித் தோன்றும் சிவந்த புள்ளிகள் நோயினாலேயே வந்திருக்கவும் கூடும். அதை நீங்களே முடிவு செய்யாமல் எங்களிடம் காட்டுங்கள். ஒவ்வாமை உறுதியானால் "பெனிசிலின்" என்ற சொல்லையே நோயாளியின் அட்டையில் எழுதி வையுங்கள், ஏனெனில் வணிகப் பெயர்களில் அச்சொல் இருப்பதில்லை.

விழுங்க இயலாத முதியோருக்கும் மூக்குக் குழாய் வழி உணவு பெறுவோருக்கும் இதே திரவ மருந்து தரப்படுவதுண்டு. அவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் அல்லது வார்ஃபரின் உட்கொள்பவராயின் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

முதல் புட்டியைக் கலக்கத் தயக்கமாக இருந்தால் சாளரத்திலேயே கூறுங்கள். உங்கள் கண்முன் கலக்கி, தேதி எழுதி, சிரிஞ்சில் உங்கள் அளவுக்குக் கோடிட்டுத் தருகிறோம். வீட்டில் கலக்கியது சரிதானா என்ற ஐயம் எழுந்தால் புட்டியோடு வாருங்கள்.