ஒரே நாட்டில் ஏழ்மை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

கிளந்தானிலும் சபாவிலும் ஜனங்கள் கஷ்டப்படுவதற்குக் காரணம் அவர்களுக்கு உழைக்க மனமில்லாததே என்று நம்மவரில் சிலர் சொல்லக் கேட்கிறோம். வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்க்காமல் எதையும் ஒப்புவதில்லை. ஆகவே இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

1970ஆம் ஆண்டில் கிளந்தானில் நூற்றுக்கு 76 குடும்பங்கள் வறுமையில் இருந்தன. கோலாலம்பூரும் சேர்ந்திருந்த அன்றைய சிலாங்கூரில் 29தான். 2022இல் சபாவில் 19.7 விழுக்காடு, கிளந்தானில் ஏறக்குறைய 13. சிலாங்கூரிலோ இரண்டுக்கும் குறைவு. வறுமைக் கோட்டை 2019ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து உயர்த்தி அமைத்துவிட்டதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராக ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை ஐம்பது ஆண்டுகளாகியும் பெரிதாக மாறவில்லை. சோம்பல் மாநில எல்லை பார்த்தா பிறக்கும்? கோத்தா பாரு சித்தி கதீஜா சந்தையில் பெண்கள் நடத்தும் வியாபாரத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காரணத்தை மண்ணுக்கடியில் தேட வேண்டும். மேற்குக் கரையில் ஈயம் அகப்பட்டது. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் ரயில் ஓடிற்று. அடுத்த ஆண்டே கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கி இன்னொரு பாதை திறந்தது. பின்னால் ரப்பர் வந்தபோது, தோட்டக்காரர்கள் தண்டவாளம் எங்கே இருக்கிறதோ அதன் ஓரமாகவே காடழித்தார்கள். தோட்டமும் லம்பமும் இருந்த இடத்தில் கூலிக்காரர்கள் கூடினார்கள். அவர்களுக்கு அரிசியும் துணியும் வேண்டியிருந்தது, கடை வந்தது. கடைக்குப் பின் வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். பினாங்கில் கப்பலிறங்கிய நம் முன்னோரும் பெரும்பாலும் இதே வழியில்தான் கடை போட்டார்கள்.

கிளந்தானோ 1909 வரை சயாமின் ஆதிக்கத்தில் இருந்தது. இடையில் பெரிய மலைத்தொடர். கிழக்குக் கரை ரயில் முழுதாக முடிந்தது 1931இல், அதாவது தைப்பிங் ரயிலுக்கு 46 ஆண்டுகள் கழித்து. யுத்த காலத்தில் ஜப்பானியர் அதிலும் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்-பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். மலையைக் கடக்கும் கிரிக்-ஜெலி நெடுஞ்சாலை 1982இல்தான் திறந்தது. படித்த பிள்ளைகள் அதற்குள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகப் பழகிவிட்டார்கள். எண்ணெய் இருந்தால் தீர்ந்துவிடும் என்பாருமுண்டு. திரெங்கானுக் கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள். ஆனால் குழாயில் ஓடும் சரக்கு, ஈயத்தைப் போல ஆயிரம் கூலிக்காரரைக் கூட்டுவதில்லை.

சபாவின் கதை கப்பல் கூலியில் இருக்கிறது. 1980 முதல் 2017 வரை உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றுவது பொதுவாக மலேசியக் கொடிக் கப்பல்களுக்கே உரியதாயிருந்தது. அதனால் விலை ஏறுகிறது என்று அங்குள்ள வியாபாரிகள் நெடுங்காலம் முறையிட்டார்கள். விதி தளர்ந்த பின்னும் சாமான் விலை உடனே இறங்கிவிடவில்லை. நமக்கு இது விளங்கும்: நிறைந்து போன கப்பல் வெறுமையாகத் திரும்பினால் இருவழிக் கூலியும் போன சரக்கின் தலையில்தான் விழும். ஆக, வரும்படி குறைந்த இடத்தில் விலை அதிகம். ஏழைக்கு இரண்டு பக்கமும் அடி!

இது மாற்ற முடியாத விதியன்று. 1969இல் பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை பறிபோயிற்று, வேலையில்லாதார் பெருகினர். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைத்து மின்னணுத் தொழிற்சாலைகளை வரவழைத்தார்கள், பினாங்கு எழுந்துவிட்டது. ஆனால் அங்கே துறைமுகமும் விமான நிலையமும் முன்னமே இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் காட்டில் கொட்டகை போட்டால் தொழிற்சாலை வந்துவிடாது.

நம்மைத் தொடும் ஒரு விஷயம் உண்டு. இந்நாட்டில் ஜக்காத் மாநில அதிகாரத்தில் உள்ளது; எந்த மாநிலத்தில் வசூலாகிறதோ அங்கேதான் பெரிதும் பங்கிடப்படுகிறது. சிலாங்கூர் மட்டும் 2023இல் நூறு கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. செல்வர் மிகுந்த இடத்தில் ஜக்காத்தும் மிகுதி. ஏழைகள் மிகுந்த இடத்தில் அதைக் கொடுப்பவரே குறைவு. உள்ளூர் ஏழைக்கு முதல் உரிமை என்பது மார்க்கச் சட்டத்தில் உள்ளதுதான். அதில் நாம் தலையிடவில்லை. ஸதகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோத்தா கினபாலுவுக்கும் கோத்தா பாருவுக்கும் சரக்கு அனுப்பி லாபம் பார்க்கும் நம்மவர், அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அந்த லாபத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கை ஒதுக்கலாம்.